காரமில்லாத சிவப்பு

அத்தியாயம் ஆறு

கொடியில் காய்ந்துகொண்டிருந்த பத்தொன்பது துணிகளையும் பூர்ணிமா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். சோறு ஊட்டும்போது குழந்தைகளின் கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணிகள் அவை. துவைத்துப் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் ஆம்பூர் வெயில் அவற்றின் மேல் இரக்கமில்லாமல் அடித்திருந்தது. இருந்தும், வாய் ஒழுகிய இடத்தில் சிவப்பு அப்படியே நின்றது. நேற்று மாலை பட்ட கறைபோலப் பளிச்சென்று நின்றது.

விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைக்கப் போனவள், அந்தச் சிவப்பு தலைப்பிலும் ஏறிவிடும் என்று நினைத்தவள்போல நிறுத்திக்கொண்டாள்.

"இன்னா மேடம், சோப்புத்தூள் விளம்பரத்துக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்றான் முஸம்மில்.

பூர்ணிமா அடுத்த துணியை விரித்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக் கழகத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, வேலூரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் தொடங்கியவள் அவள். வயது ஐம்பத்திரண்டு. முஸம்மில் மேல்விஷாரத்துக்காரன், முப்பத்தாறு வயது, மூன்று தொழில்களில் தோற்றபின் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். காரை நன்றாக ஓட்டுவான், வாயை அதைவிட நன்றாக.

விஷயம் இதுதான். அவர்கள் வந்திருந்தது, குழந்தைகளுக்கான காலணிகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலைக்கு. தைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கென்று வளாகத்திலேயே ஒரு காப்பகம் இருந்தது. திங்கட்கிழமை மதியம் அங்கே குஸ்கா சாப்பிட்ட பத்தொன்பது குழந்தைகளும் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். பதினேழு பேர் வீடு திரும்பிவிட்டார்கள். இருவர் இன்னும் வேலூரில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்கள். சமையலறை டப்பாவில் இருந்த மிளகாய்த் தூளில் தோலுக்கு ஏற்றும் சாயம் கலந்திருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. சமையற்காரி செண்பகத்தின் கணவர் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலைச் சாயத்தில் உருட்டும் டிரம் ஓட்டுகிறவர். இவ்வளவு போதும் என்று காவல் ஆய்வாளர் தீர்மானித்துவிட்டார்: நல்ல மிளகாயை அவள் வீட்டுக்குக் கடத்தினாள், குறைந்த அளவைக் கணவன் கொண்டுவந்த சாயத்தால் ஈடுகட்டினாள். மாலை ஐந்து மணிக்கு அவளைக் கைதுசெய்து அழைத்துப் போக வண்டி வரும்.

இப்போது மணி பதினொன்று.

செண்பகம் சமையலறை வாசலில், கால்களை மடக்கிக் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் காவலர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். நாற்பதைத் தாண்டாத செண்பகத்தின் முகம் மூன்று நாளில் அறுபதைத் தொட்டிருந்தது.

அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று பூர்ணிமா கேட்டாள்.

"ஆபீஸ்லேர்ந்து குடுத்தாங்க மேடம். புள்ளைங்களுக்கு சிவப்பா இருந்தாத்தான் சோறு எறங்கும், காரம் பட்டா துப்பிடும். அதனால காரமில்லாம கலர் மட்டும் வர்ற மொளகாய்னு சொன்னாங்க. பாப்ரிகாவாம். அந்தப் பேரே நான் கேட்டதில்ல."

"வாயில போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு ருசியும் இல்ல. காரமில்லாத மொளகாய்னுதானே சொன்னாங்க, அப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் ரெண்டு நாளா வயித்தைப் புடுங்குது. சொன்னா நடிக்கறேங்கறாங்க. என் வூட்டுக்காரர் கையப் பாத்துட்டு என்னைப் புடிச்சிருக்காங்க மேடம். அவரு நிக்கறது நீலத் தோல் டிரம்முல. பத்து வருசமா அவரு கை நீலம். சிவப்பு டிரம்மு பக்கம் அவரு போனதே கெடையாது."

கணவரின் கையின் நிறத்தைச் சாட்சியாகக் கூப்பிடும் ஒரு பெண்ணைப் பூர்ணிமா இதற்குமுன் கண்டதில்லை. பொய் சொல்லுகிறவர்கள் இதைவிட நல்ல சாட்சிகளோடு வருவார்கள் என்பது அவள் அனுபவம்.

அவள் பார்வை கோணிச் சாக்கின் மேல் விழுந்தது. செண்பகத்தை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுச் சாக்கை உதறித் திருப்பினாள். மூலையில் கறுப்பு மையில் ஒரு முத்திரை: தராசுப் படம், அதன் கீழ் வேலூர் லாங் பஜார் என்ற எழுத்துகள். தூள் வந்த மூட்டையா என்று கேட்டதற்கு, அதேதான் என்றும், மொத்தம் ஆறு மூட்டை என்றும் செண்பகம் சொன்னாள்.

"மொத்த ஊரும் இந்தம்மாவைத் தேடுது. இந்தம்மா சாட்சி மேலயே உக்காந்திருக்காங்க," என்றான் முஸம்மில். சாக்கை மடித்து அவன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

கிளம்புமுன் பொதுமேலாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. பூர்ணிமாவை இந்த வேலைக்கு அமர்த்தியவரே அவர்தான். ஹேமந்த் என்று பெயர். இஸ்திரி குலையாத சட்டை. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள் நாளைக் காலை வருவதாகவும், வெளியாள் ஒருவர் விசாரித்துக் கொடுத்த அறிக்கையை அவர்கள் கேட்பதாகவும், சமையற்காரியின் கைதோடு அறிக்கை முடிந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றும் அவர் விளக்கினார். வாந்தியெடுத்த குழந்தைகளைப் பற்றி அவர் சொன்ன ஒரே வாக்கியம், அவர்களின் தாய்மார்கள் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை என்பது.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் பூர்ணிமா ஜன்னலோரக் கண்ணாடிப் பேழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் சிவப்புக் காலணிகள் வரிசையாக நின்றன. உள்வரிசை, பழுத்த மிளகாயின் நிறம். வெயில் படும் முன்வரிசை, வெளிறிப்போய்ப் பழைய ரவிக்கைத் துணிபோல இருந்தது.

"நேச்சுரல் கலர்," என்றார் ஹேமந்த், அவள் பார்வையைத் தொடர்ந்து. "கெமிக்கலே கிடையாது. குழந்தைங்க ஷூவை வாய்ல வெச்சுக் கடிக்கும் இல்லையா? அங்கே அதுக்கெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். இதைக் கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

எதிலிருந்து எடுத்த நிறம் என்று அவள் கேட்டாள். தொழில் ரகசியம் என்று சொல்லி அவர் சிரித்தார். கொண்டுவந்து வைத்த காப்பியை அவள் தொடவில்லை.

வேலூருக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பிடித்தது. பாலாற்றின் ஓரமாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை காருக்குள் புகுந்து, கண்ணாடியை ஏற்றிய பிறகும் இறங்க மறுத்தது. மூக்கைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு ஓட்டும் வசதி கார்களில் எப்போது வரும் என்று முஸம்மில் கேட்டான். லாங் பஜாரில் நுழைந்ததும் கேள்வியை மாற்றிக்கொண்டான். கைவண்டிகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவே காரைச் சுருட்டி மடக்கும் வசதி வேண்டுமாம். கடைசியில் கோட்டைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள்.

தராசு முத்திரைக் கடைக்குச் சொந்தக்காரர் சுந்தரமூர்த்தி. எழுபது வயது. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மாமல் உட்கார்ந்திருக்கும் வரம் பெற்றவர். முஸம்மில் வாசற்படியில் கால் வைக்கும்போதே மூன்று முறை தும்மினான்.

"பாய், கடைக்கு வர்றவங்க தும்முனாத்தான் எனக்கு சரக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்றார் அவர். "இன்னொரு தபா தும்முங்க, பக்கத்துக் கடைக்காரன் காதுல விழட்டும்."

பூர்ணிமா கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சமையலறை டப்பாவிலிருந்து ஆய்வாளரின் அனுமதியோடு எடுத்த ஒரு சிட்டிகைத் தூள் அது. அதைக் கண்டதும் சுந்தரமூர்த்தியின் முகம் சுளித்தது. முகர்ந்தார், பொட்டலத்தைத் தூர நகர்த்தினார். கடைப்பையனைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். தூளைத் தண்ணீரில் தூவினார். கலக்காமலே சிவப்பு நூல் நூலாக இறங்கித் தம்ளரின் அடி வரைக்கும் பரவியது. வெட்டுப்பட்ட விரலைத் தண்ணீரில் விட்டதுபோல் இருந்தது.

"மொளகாய் கலர் தண்ணியில எறங்காதும்மா. எண்ணெயிலதான் எறங்கும். தாளிக்கிற எந்தப் பொம்பளையும் சொல்லும்," என்றார். பிறகு ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் தட்டினார். தாளில் எண்ணெய்ப் பசை துளியும் ஒட்டவில்லை. "பாத்தீங்களா? இது மொளகாயே இல்ல. மொளகாயோட சக்கை. கலரு, வாசனை, எண்ணெய் எல்லாத்தையும் எவனோ ஊறவெச்சு உறிஞ்சிட்டான். வெளுத்துப்போன சக்கைக்கு மறுபடியும் சாயம் ஏத்தியிருக்கான். இதைத் துன்னறது, ஒருத்தன் மென்னு துப்புன கரும்புச் சக்கையக் கலர்த் தண்ணியில நனைச்சுத் துன்னற மாதிரி."

பூர்ணிமாவுக்கு நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறியது. துப்ப இடமில்லாததால் விழுங்கினாள், விழுங்கியதற்காகவும் அருவருத்தாள்.

முஸம்மில் சாக்கை விரித்து முத்திரையைக் காட்டினான். கிழவர் அசரவில்லை. சாக்கு தன்னுடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டார். அந்தக் காலணித் தொழிற்சாலைக்குத் தான் ஆறு மூட்டை அனுப்பியதாகவும், காப்பகத்துச் சமையலுக்கு என்று சொல்லி வாங்கிப் போனதாகவும் சொன்னார்.

"தூளா அனுப்புனீங்களா?"

"நான் தூளே விக்கறதில்லம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து முழு மொளகாதான். தொட்டாக் கையில சாயம் ஒட்டற மாதிரி அப்படி ஒரு பாப்ரிகா. காரம் பேருக்குக்கூட இல்ல. கலருக்குன்னே வெளையிற ரகம்."

"ஆறு மூட்டை," என்று முஸம்மில் மெல்ல இழுத்தான். "இருபது சின்னப் புள்ளைங்களுக்கு. ஸ்கூல் முடிச்சு, காலேஜ் முடிச்சு, அதுங்க கல்யாண பிரியாணிக்கும் சேத்து வாங்கியிருக்காங்க மேடம்."

வாங்க வந்தவர் யார் என்று பூர்ணிமா கேட்டாள். பெயர் தெரியாது என்றார் சுந்தரமூர்த்தி. ஆனால் அந்த ஆளை மறக்கமுடியாது என்றார். ஐம்பது ஆண்டாக மிளகாய் விற்கிறவரின் கண்ணில் பட்ட ஒரே அதிசயம் அவர்.

"மொளகாய் வாங்க வர்றவன் இன்னா பண்ணுவான்? காம்பு கிள்ளுவான், மோந்து பாப்பான், நுனியக் கடிப்பான். அந்தாளு எதையும் பண்ணல. ஒரு மொளகாய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாரு. வெயில்ல நிக்கல, நெழல்ல நின்னாரு. ரெண்டா மடிச்சாரு. மடிப்புல கலர் உடையுதான்னு பாத்தாரு. அப்புறம் கட்டவிரல எச்சில் பண்ணித் தேச்சு, வெள்ளக் கைக்குட்டையில தொடச்சாரு. மொளகாய அப்படிப் பாக்கறவன நான் பாத்ததே இல்லம்மா. வாங்கறது மொளகாயா, செருப்பான்னு கேக்கத் தோணுச்சு."

முஸம்மில் தும்மலை மறந்தான். தோலைச் சோதிக்கிறவர்களின் கைப்பழக்கம் அது. தோல் தொழிலிலேயே வாழும் மேல்விஷாரத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர் வெயிலில் நிறம் பொய் சொல்லும் என்று நிழலுக்குப் போவது, மடிப்பில் சாயம் வெடிக்கிறதா என்று பார்ப்பது, ஈரத்தில் நிறம் ஒட்டுகிறதா என்று துணியில் தேய்ப்பது. அப்படிச் செய்கிறவர் சாப்பிடும் பொருளை வாங்க வந்தவர் அல்லர். நிறத்தை வாங்க வந்தவர்.

காருக்குத் திரும்பியதும் பூர்ணிமா இருக்கையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

"முஸம்மில், உங்க வீட்ல துணியில குழம்புக் கறை பட்டா என்ன செய்வாங்க?"

"சோப்பு போட்டு வெயில்ல காயப்போடுவாங்க. சாயங்காலம் பாத்தா கறை போய்டும். மொளகாய்க் கறை வெயிலுக்கு நிக்காது."

"காப்பகத்துக் கொடியில மூணு நாளா நிக்குது."

"அது சாயம். தோல் சாயம் வெயிலுக்கு அசையாது. அசைஞ்சா ஷூ விக்கமுடியுமா?"

"ஹேமந்த் ரூம்ல ஒரு வரிசை ஷூ வெளுத்திருக்கே."

முஸம்மில் சாவியைத் திருகப் போன கையை நிறுத்தினான். நல்ல நகைச்சுவைக்காரர்களுக்கு ஒரு சாபம் உண்டு. சிரிக்க முடியாத இடம் மற்றவர்களுக்குமுன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவன் முகம் மெல்லக் கோணியது.

"மாத்திட்டாங்களா மேடம்?"

"மாத்திட்டாங்க. ஆறு மூட்டை மிளகாயோட நிறத்தையும் உறிஞ்சி, எங்கேயோ இருக்கற குழந்தைங்க கடிக்கப்போற ஷூவுக்கு ஏத்தியிருக்காங்க. ஷூவுக்குப் போகவேண்டிய சாயத்தைச் சக்கைக்கு ஏத்தி, ஷூ தைக்கறவங்க குழந்தைங்க தட்டுல வெச்சிருக்காங்க."

ஆற்காட்டுச் சாலைத் திருப்பத்தில் முஸம்மில், தோல் தொழிலில் இருபது ஆண்டு இருந்த தன் வாப்பா பன்றித் தோல் பட்ட கையைக்கூட ஏழு முறை கழுவுவார் என்றும், இதைச் செய்த கைகளை எத்தனை முறை கழுவினால் போகும் என்றும் கேட்டான்.

ஆனால் தெரிவது வேறு, நிறுவுவது வேறு. வெளுத்த காலணியையும் கிழவரின் கதையையும் கேட்டு ஆய்வாளர் தன் வண்டியைத் திருப்பப்போவதில்லை. செண்பகத்தை விடுவிக்க அவருக்குக் கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு பொருள் தேவை. பூர்ணிமா கைப்பேசியில் அவரை அழைத்து, நாலரை மணிக்குத் தொழிற்சாலையில் தோல் நிறங்களைச் சோதித்து ஒப்புதல் தரும் மாதிரி அறை வாசலுக்கு வந்து, கூப்பிடும்வரை உள்ளே வராமல் நிற்கும்படி கேட்டுக்கொண்டாள். அரை மணி நேரம்தான் தரமுடியும் என்றார் அவர்.

மாதிரி அறை மாடியில் இருந்தது. சுவர் முழுவதும் ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் மூலையில் துளையிட்ட தோல் துண்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நிறம் சேர்க்கும் மாஸ்டர் பாண்டியன், வடக்கு ஜன்னலடியில் நின்று இரண்டு பழுப்புத் துண்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி கண்ணோரச் சதை பதனிட்ட தோல்போல் மடிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை எட்டிப் பார்த்தது.

பூர்ணிமா மிளகாயைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசவில்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டாள். முஸம்மில் தன் பங்குக்கு, ஆம்பூரில் பாண்டியன் மாஸ்டர் கண்ணுக்குத் தப்பிய நிறம் கிடையாது என்று மேல்விஷாரத்தில் பேசிக்கொள்வதாகப் புளுகினான். பாண்டியன் அதை மறுக்கவில்லை. தன் கையெழுத்து இல்லாமல் ஒரு சதுர அடிகூட இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகாது என்றார். முதலில் மாதிரி, பிறகு ஒப்புதல், அதற்குப் பிறகுதான் டிரம்; முப்பது ஆண்டாக இந்த வரிசை ஒரு நாளும் பிசகியதில்லை.

"அதனாலதான் உங்ககிட்ட ஒரு அபிப்பிராயம் கேக்க வந்தோம்," என்று பூர்ணிமா பொட்டலத்தைப் பிரித்தாள். "காப்பகத்து டப்பாவுல இருந்த தூள். அந்தச் சமையற்காரி கலந்தது. படிப்பில்லாத கை பாருங்க, கலரே சேரல. நெஜ மிளகாய்க்குப் பக்கத்துல வெச்சா கண்ணில்லாதவனுக்குக்கூட வித்தியாசம் தெரியுது. ஒரே ஆரஞ்சு. கத்துக்குட்டி வேலை."

பாண்டியன் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆரஞ்சா?"

"நல்லா ஆரஞ்சு," என்றான் முஸம்மில். "எங்க தெருவுல குச்சி ஐஸ் விக்கறவன் இதைவிட நல்லா மேட்ச் பண்ணுவான் மாஸ்டர்."

"மேட்ச் ஆகலன்னு எவன் சொன்னது பாய்? ஜன்னலாண்ட வெச்சுப் பாத்தீங்களா? டியூப் லைட்டுல பாத்துட்டுப் பேசறீங்க." அவர் கை தானாக நான்காவது வரிசை ஆணிக்குப் போனது. கொத்திலிருந்து ஓர் அட்டையை உருவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மூலையில் துளையிட்ட வெள்ளை அட்டை. ஒளி ஊடுருவும் பட்டையின் அடியில் இரண்டு கட்டங்களாகச் சிவப்புத் தூள் ஒட்டப்பட்டிருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. "இது ஒரிஜினல், இது நம்மளது. எங்க இருக்கு ஆரஞ்சு? நாலு டிரையல் போட்டு..."

அங்கே அவர் நின்றுவிட்டார்.

கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தன் கையிலிருக்கும் அட்டையைப் பாண்டியன் யாரோ கொண்டுவந்து வைத்த பொருளைப்போலப் பார்த்தார். தோலாக இருந்தாலும், குழந்தைகளின் சோற்றில் போடும் சக்கையாக இருந்தாலும், மாதிரி எடுக்காமல், ஒப்புதல் வாங்காமல், துளையிட்டு ஆணியில் மாட்டாமல் அவரால் ஒரு நிறத்தை வெளியே அனுப்ப முடிந்திருக்காது. வேறெந்தத் தொழிலில் உள்ள திருடனும் செய்யாத காரியம் அது.

பூர்ணிமா அட்டையை அவர் விரல்களிலிருந்து எடுத்தாள். முஸம்மில் கதவைத் திறந்தான். ஆய்வாளர் உள்ளே வந்தார். கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டார் என்பது அவர் தொப்பியைக் கழற்றிய வேகத்தில் தெரிந்தது.

"ஏன் பண்ணீங்க?" என்றாள் பூர்ணிமா.

பாண்டியன் முக்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். மிளகாயிலிருந்து நிறம் எடுக்கும் உபாயம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தெரியக்கூடாது. காலணி செய்கிறவன் மிளகாய் மூட்டை இறக்கினால் அன்று மாலைக்குள் ஆம்பூர் முழுவதும் தெரிந்துவிடும். எனவே காப்பகத்தின் பெயரில் வாங்கினார்கள். வாங்கிய பிறகு காப்பகத்தில் மிளகாய் எங்கே என்று யாராவது கேட்கக்கூடும். சக்கையை வெளியே கொட்டினால் இது என்ன கழிவு என்று அதிகாரிகள் கேட்பார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலாகச் சக்கையை அரைத்து, சாயம் ஏற்றி, அதே சாக்கில் கட்டிச் சமையலறைக்கு அனுப்பினார்கள்.

"கொஞ்சந்தானே போடுவாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன் மேடம்," என்றார். "ஆனா நானா பண்ணல. அட்டையத் திருப்பிப் பாருங்க. ஜி.எம். கையெழுத்து இல்லாம நான் ஒரு ஷேடும் விட்டதில்ல."

பூர்ணிமா அட்டையைத் திருப்பினாள். தேதி இருந்தது. 'கிரஷ் கிச்சன்', அதாவது காப்பகச் சமையலறை, என்று இருந்தது. பாண்டியனின் கையெழுத்துக்குக் கீழே, ஒப்புதல் என்ற சொல்லுக்கு நேராக, இன்னொரு கையெழுத்து இருந்தது. அதே கையெழுத்தை அவள் தன் பணியமர்த்தல் கடிதத்தின் அடியில் பார்த்திருக்கிறாள்.

தகவல் மாடிப்படி ஏறுமுன் ஹேமந்தே ஏறி வந்துவிட்டார். ஆய்வாளரைக் கண்டார், அட்டையைக் கண்டார். அவர் முகத்தில் பயம் வரும் என்று பூர்ணிமா எதிர்பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டவரின் எரிச்சல்.

"மேடம், உங்களை இந்த வேலைக்கு வெச்சது நான்," என்றார்.

"தெரியும். நீங்க கேட்ட அறிக்கை நாளைக் காலையில ஷூ வாங்கறவங்க கைக்கே போகும். இந்த அட்டையோட பின்பக்கமும் சேத்து."

"ரெண்டாயிரம் பேர் வேலை இது. அதை யோசிங்க. யாரும் சாகலையே."

சில வாய்களுக்குப் பதில் சொல்வதே அவற்றின் எச்சிலில் கை வைப்பதுபோல் என்று பூர்ணிமாவுக்குத் தோன்றியது. அட்டையை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த தொட்டியில் கைகளைக் கழுவினாள். சோப்பு தீரும்வரை கழுவினாள்.

முஸம்மில் மட்டும் படியிறங்குமுன் ஹேமந்தின் பக்கம் திரும்பினான். "சார், ஆம்பூருக்கு எல்லாரும் ரெண்டு விஷயத்துக்குத்தான் வருவாங்க. ஒண்ணு பிரியாணி, ஒண்ணு ஷூ. ரெண்டையும் ஒரே டிரம்முல போட்ட மொத ஆள் நீங்கதான்." அவன் குரலில் சிரிப்பு இல்லை.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. அதில் ஏறியவர்கள் ஹேமந்தும் பாண்டியனும். தையல் கூடத்துப் பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வண்டி நின்றிருந்த இடத்தில் காறித் துப்பினாள்.

செண்பகத்திடம் பூர்ணிமாவே போய்ச் சொன்னாள். நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னாள்; நடந்தது என்ன என்று பிறகு சொன்னாள். எளிய சொற்களில், எதையும் விடாமல் சொன்னாள். செண்பகம் அழுவாள் என்றோ கையெடுத்துக் கும்பிடுவாள் என்றோ பெண் காவலர் எதிர்பார்த்துக் கைப்பேசியைக் கீழே வைத்தார். செண்பகம் இரண்டும் செய்யவில்லை. எழுந்து, தூள் இருந்த அலமாரியின் கதவைச் சாத்தினாள். மருத்துவமனையில் இருக்கும் இரண்டு குழந்தைகளைப் பார்க்கத் தன்னை விடுவார்களா என்று கேட்டாள். தானே காரில் அழைத்துப்போவதாகப் பூர்ணிமா சொன்னாள்.

நடக்கும்போது செண்பகம் கேட்டாள்: "அப்போ அந்த நல்ல மொளகா கலரெல்லாம் அந்த ஊரு புள்ளைங்க ஷூவுலயா மேடம் இருக்குது?"

"ஆமா."

"அதுங்க வாயில வெச்சா ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆகாது."

காரின் கதவை முஸம்மில் திறந்து பிடித்தான். உள்ளே ஏறாமல் அவள் நின்றாள்.

"அதுங்களாவது நல்லா இருக்கட்டும்னு சொல்லணும், இல்ல?" என்றாள். "சொல்ல எனக்கு மனசு வரல மேடம்."